விஞ்ஞானத்துக்கு ஏ வந்திருக்கு, அது காணுமோ?

ஓ.எல் பெறுபேறு வந்து இரண்டாம் நாள் சித்தி கோல் எடுத்தா.

"பிள்ளை, இவளுக்கு விஞ்ஞானத்துக்கு ஏ. கணிதத்துக்கு பி. எல்லாரும் பயோ விடச் சொல்லினம். நீ ஒருக்கா வந்து இவளோட கதைச்சுப் பார்த்துச் சொல்லு, இவளால ஏலுமோ எண்டு."

நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன். பிறகேன் சித்தி என்னைக் கேட்டா? காரணம் எனக்குத் தெரியும். நான் ஏ.எல் மூன்று தரம் எடுத்தவள். முதல் ஷையும் செக்கன்ட் ஷையும் பயோ. முதல் தரம் பிசிக்ஸ் எஃப், மற்ற இரண்டும் எஸ். இரண்டாம் தரம் மூன்றும் எஸ். மூன்றாம் தரம் ஆர்ட்ஸ் எடுத்துத்தான் கம்பஸ் வந்தேன். எங்கட சொந்தத்துக்குள்ள பயோ படிச்சுக் கவிண்டவை யார் எண்டு தேடினால் என்ர பேர்தான் முதல் வரும். கவிண்டவளுக்குத்தானே கிடங்கு எங்க இருக்கெண்டு தெரியும் என்று சித்தி நினைச்சிருக்கலாம்.

உண்மையைச் சொன்னால், பஸ் ஏற முதலே என்னிடம் பதில் இருந்தது. "வேண்டாம் சித்தி, ஆர்ட்ஸோ கொமர்ஸோ விடுங்கோ." அந்தப் பதிலை நான் ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்த நாட்களில் உங்களிடமும் ஒரு தம்பியோ தங்கச்சியோ, இல்லாட்டி அவர்களின் அம்மாவோ இதே கேள்வியைக் கேட்டிருப்பினம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏ பற்றி.

ஓ.எல்லில் ஏ என்பது 75 புள்ளியும் அதற்கு மேலும். அது சின்ன விசயமில்லை, பிள்ளை உழைச்சுத்தான் எடுத்திருக்கும். ஆனால் 75க்கும் 100க்கும் இடையில் 25 புள்ளி கிடக்கு. ஒரு பிள்ளை விசை, சமநிலை, மின்சாரம் என்று பௌதிகவியல் பக்கத்து அலகுகளில் பாதியை விளங்காமல் விட்டுவிட்டு, உயிரியல் பக்கத்தை நல்லாப் பாடமாக்கி ஏ எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுத்தேன். பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாளும் புள்ளித்திட்டமும் எனக்கு மனப்பாடம். கேள்வியைக் கண்டவுடன் விடை கைக்கு வரும். ஏன் அந்த விடை என்று கேட்டால் வராது. யாரும் கேட்கவுமில்லை.

பயோ எடுக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு பொறியும் இருக்கு. "எனக்கு மெத்ஸ் பெரிசா ஓடாது, அதால பயோ எடுக்கிறன்" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்? உயிரியல் பிரிவில் இணைந்த கணிதம் இல்லைத்தான். ஆனால் பௌதிகவியல் இருக்கு. பதினொரு அலகு. கணிதப்பிரிவுப் பிள்ளைக்கு வாற அதே வினாத்தாள்தான் பயோப் பிள்ளைக்கும். இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை, கல்குலேட்டர் இல்லை. மெத்ஸ்காரர் இணைந்த கணித வகுப்பில் ஒவ்வொரு நாளும் பழகுற சமன்பாட்டுக் கைப்பழக்கத்தை பயோக்காரர் ஓ.எல் கணிதத்தை மட்டும் வைச்சுக்கொண்டு சமாளிக்க வேணும். ஆகவே பயோவுக்கு ஏலுமோ என்று பார்க்கிறவை விஞ்ஞானப் பெறுபேற்றைப் பார்க்கிற அளவுக்குக் கணிதப் பெறுபேற்றையும் பார்க்க வேணும். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் நான் கவிண்டது இதால் மட்டுமில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மாதம். சேர் வேணியர் இடுக்கிமானி படிப்பிச்சார். பிறகு பரிமாணம், காவி. முடிவில் "விளங்கிச்சுதோ?" என்று கேட்பார். வகுப்பு முழுக்க "ஓம் சேர்" என்று ஒரே குரலில் சொல்லுவோம். நானும் சொன்னேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஓ.எல்லில் ஏ எடுத்த பிள்ளை எப்படி எழும்பி விளங்கேல்லை எண்டு சொல்லுறது? அந்த ஏ தான் என்ர வாயைக் கட்டினது. வீட்டிலும் சொல்ல ஏலாது. அப்பா ஊரெல்லாம் "மகள் பயோ" என்று சொல்லித் திரிஞ்சார். இரண்டு வருடம், பிறகு இன்னொரு வருடம், விளங்காத ஒன்றுக்கு மேல் விளங்காத இன்னொன்றை அடுக்கிக்கொண்டே போனேன்.

அதே வகுப்பில் ஒருத்தி இருந்தாள். விஞ்ஞானத்துக்கு சி. அதிபரிடம் அவளின் அம்மா மூன்று தரம் வந்து கெஞ்சித்தான் இடம் எடுத்தவ. அவள் மட்டும்தான் கை தூக்குவாள். "சேர், விளங்கேல்லை." சேருக்குச் சில நாள் கோபம் வரும். பின்வாங்கில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நானும் சிரிச்சிருக்கிறேன். அவள் இண்டைக்கு விவசாய பீடத்தில் படிக்கிறாள்.

இரண்டு பேரையும் ஓ.எல் பெறுபேற்றை வைத்து அளந்திருந்தால், "தயார்" என்று என்னைத்தான் சொல்லியிருப்பினம். சொன்னவை.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் சித்தி வீட்டுக்குப் போனேன். கிளிநொச்சியில் உள்ளுக்கு ஒரு கிராமம். தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு முடியும். மூன்று நாள் நின்றேன். அவளிடம் ரிசல்ட்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் பின்னேரம், எனக்கு விளங்காமல் போன அதே வேணியரைக் கையில் எடுத்தேன். கருவி இல்லை. கொப்பித்தாளில் கீறிக் காட்டினேன்.

தலைமை அளவிடை மில்லிமீற்றரில் இருக்கு. அதில் 9 மில்லிமீற்றரை எடுத்து, அந்த நீளத்தை நகருகிற சின்ன அளவிடையில் 10 சம பிரிவாகப் பிரிச்சிருக்கு. அப்ப சின்னப் பிரிவு ஒன்று 0.9 மில்லிமீற்றர். பெரிய பிரிவுக்கும் சின்னப் பிரிவுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றர். அதுதான் இந்தக் கருவியால் அளக்கக்கூடிய ஆகச்சிறிய அளவு. அவள் தலையாட்டினாள். "விளங்கிச்சு அக்கா."

"சரி, 19 மில்லிமீற்றரை 20 பிரிவாகப் பிரிச்சால்?"

உடனே பதில் வந்தது. "0.1."

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. இது நான்தான். கேள்வி மாறினது தெரியாமல் பழைய விடையைத் தாறது. "இல்லை, யோசிச்சுப் பார்" என்றேன். "0.2?" என்றாள். பிறகு "0.01?" பிறகு முகம் வாடிப்போய்ப் பேசாமல் இருந்தாள். அன்று இரவு சித்தியிடம் "வேண்டாம்" என்று சொல்ல வாய் திறந்தேன். ஏனோ, காலமை பார்ப்போம் என்று விட்டேன்.

காலமை நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்க அவள் கொப்பியோடு வந்தாள். ஒரு மில்லிமீற்றரை ஒரு சென்றிமீற்றராகப் பெருப்பிச்சுக் கீறியிருக்கிறாள். மேலே 19 சென்றிமீற்றர். கீழே அதே நீளத்தை 20 துண்டாகப் பிரிக்க வேணும், அப்ப ஒரு துண்டு 9.5 மில்லிமீற்றர். அடிமட்டம் வைச்சு ஒவ்வொன்றாகக் குறிச்சிருக்கிறாள். முதல் மூன்று தாளும் வெட்டிக் குப்பை. நாலாவது தாளில் கோடுகள் சரியாக வந்திருக்கு. "ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீற்றர் பின்னுக்கு நிக்குது அக்கா. நான் பத்து மடங்கு பெருப்பிச்சுக் கீறினது. அப்ப உண்மையான வித்தியாசம் 0.05 தானே?"

விடை சரிதான். ஆனால் நான் பார்த்துக்கொண்டு இருந்தது அந்த மூன்று குப்பைத் தாளையும்தான். நான் பயோ படிச்ச மூன்று வருடத்தில் அப்படி ஒரு தாள் என்னிடம் இருந்ததில்லை. என்ர கொப்பிகள் எல்லாம் வடிவான கொப்பிகள். சேர் போர்டில் எழுதின சரியான விடை மட்டும்தான் அதுக்குள் இருக்கும்.

ஒரு பிள்ளை ஏ.எல் விஞ்ஞானத்துக்குத் தயாரோ என்று பார்க்கிறதென்றால், தெரிஞ்சதைக் கேட்டுப் பிரயோசனமில்லை. தெரியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்தநாள் வரைக்கும் பொறுத்திருக்க வேணும். உடனே விடை வராதது பிழையில்லை. முகம் வாடினதும் பிழையில்லை. அந்த வாடின முகத்தோடு திரும்ப அந்தக் கணக்குக்குப் போகுதோ, இல்லையோ? விளங்கேல்லை என்று வாய் திறந்து சொல்லுதோ? எனக்குத் தெரிந்து இந்த இரண்டும்தான் அடையாளம். இது எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் இல்லை. வீட்டில் கூட இருக்கிறவை, ஒரு அக்காவோ அண்ணாவோ, ஒரு ரீச்சரோதான் பார்க்க ஏலும்.

இரண்டாம் நாள் இன்னொன்று செய்து பார்த்தோம். எளிய ஊசல். நூலில் ஒரு நட் கட்டித் தொங்கவிட்டு, ஃபோனில் நேரம் பார்த்து, இருபது அலைவுக்கான நேரத்தை எடுத்தோம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஆறு தரம். அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபு கீறச் சொன்னேன். ஓ.எல் கணிதத்தில் நேர்கோட்டு வரைபு, படித்திறன், வெட்டுத்துண்டு எல்லாம் படிச்சவள்தான். ஆனால் அந்தப் படித்திறனுக்குள் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஒளிஞ்சிருக்கு என்றவுடன் அப்படியே நின்றுவிட்டாள். கணிதப் பாடத்தில் படிச்ச கோடு பிசிக்ஸுக்குள் வரும் என்று அவள் நினைக்கவேயில்லை. அந்தப் பின்னேரம் அவளால் அதைத் தாண்ட ஏலவில்லை. அந்த இடத்தில் அவளுக்குக் கணிதத்தில் உதவி வேணும் என்பது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. இதுவும் நல்லதுதான். எங்க பலவீனம் என்று தெரிந்துகொண்டு போற பிள்ளை, தெரியாமல் போன என்னைவிட முன்னுக்குத்தான் நிற்கும்.

மூன்றாம் நாள் சித்தியோடும் சித்தப்பாவோடும் கதைத்தேன். கதை தொடங்கி ஐந்து நிமிசத்துக்குள் சித்தப்பா கேட்டார், "அப்ப டொக்டரா வருவாளோ?"

இங்கதான் நாங்கள் இரண்டு கேள்வியைக் குழப்புகிறோம். பயோ படிக்க ஏலுமோ என்பது ஒரு கேள்வி. மருத்துவபீடம் கிடைக்குமோ என்பது வேற கேள்வி. இரண்டாவதுக்கு யாராலும் பதில் சொல்ல ஏலாது. அது இசட் புள்ளி, மாவட்டம், அந்த வருடத்து வெட்டுப்புள்ளி என்று போகும். விஞ்ஞானப் பிரிவுகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் பதினாறு வயசுப் பிள்ளையின் கையில் இருக்கிறது எவ்வளவு? ஆனால் பயோ படித்தால் மருத்துவம் மட்டுமில்லை. விவசாயம், சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், உயிரியல் விஞ்ஞானம் என்று எத்தனையோ வழி இருக்கு. டொக்டர் இல்லாட்டி ஒன்றுமில்லை என்று நினைத்து அனுப்பினால், பிள்ளை முதல் நாளே பாதி தோற்றுத்தான் வகுப்புக்குப் போகும்.

எங்கட ஆட்கள் ஏன் இப்படி நினைக்கினம் என்பதும் எனக்கு விளங்கும். எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ, பொறியியல் இடங்களை இழந்த ஒரு சமூகம் இது. அதுக்குப் பிறகு அந்த இடம் ஒரு வேலை மட்டுமில்லை, மரியாதைக் கணக்காகவும் போய்விட்டுது. அந்தக் கணக்கை ஒரு பதினாறு வயசுப் பிள்ளையின் பௌதிகவியல் கொப்பியில் தீர்க்க ஏலாது.

சித்தப்பாவிடம் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "அவள் தயாரோ எண்டு கேக்கிறியள். நாங்கள் தயாரோ?"

அவளின் பள்ளிக்கூடத்தில் ஏ.எல் இல்லை. இலங்கையில் எல்லா அரச பாடசாலைகளிலும் விஞ்ஞானப் பிரிவு இல்லை. 1ஏபி என்று வகைப்படுத்தின பள்ளிக்கூடங்களில்தான் இருக்கு. 1சி என்றால் ஏ.எல்லில் ஆர்ட்ஸ், கொமர்ஸ் மட்டும். வகை 2 என்றால் ஓ.எல்லோடு சரி. ஆகவே எங்கட தங்கச்சி விஞ்ஞானம் படிக்க வேணுமென்றால் ரவுணுக்குப் போக வேணும். காலமை ஆறரை பஸ். பின்னேரம் ரியூசன் முடிய ஆறு மணி தாண்டும். இருட்டினாப் பிறகு சந்தியில் யார் போய்க் கூட்டிக்கொண்டு வாறது? மூன்று பாட ரியூசன் காசு ஒவ்வொரு மாதமும் எங்கயிருந்து வரும்? தோட்ட வேலை கூடின காலத்தில் அவளைத் தண்ணி மாறக் கூப்பிடுவீங்களோ, விடுவீங்களோ? ஒரு பிள்ளை சரிவராமல் திரும்பி வந்தால் "அவளால ஏலாது" என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். பல நேரம் ஏலாமல் போனது பஸ்ஸுக்கும் காசுக்கும் தனியாக நிற்கிற அந்தச் சந்திக்கும்தான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சந்திக்கு நான் போவன்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அப்ப ஆசைப்பட்ட எல்லாரையும் விட்டுப் பார்க்கிறதோ? போற வருசத்தை யார் தாறது? நான் மூன்று வருடம் குடுத்தவள், அதனால் இந்தக் கேள்வியைச் சின்னதாக எடுக்க மாட்டேன். என்ர பதில் இதுதான். விட்டுப் பாருங்கோ, ஆனால் திரும்பி வாற கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு விடுங்கோ. முதல் தவணை முடியிற நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கோ. அன்றைக்குப் பிள்ளையோடு இருந்து கதையுங்கோ. மார்க்ஸ் எவ்வளவு என்று தொடங்காதேங்கோ. எது விளங்குது, எது விளங்கேல்லை, காலமை எழும்பிப் போக மனம் வருதோ என்று கேளுங்கோ. மாறவேணும் என்று அது சொன்னால் அப்பவே மாத்துங்கோ. முதல் தவணையில் மாறுகிற பிள்ளைக்கு நட்டம் சில மாதம். வெட்கத்தில் மாறாமல் இருந்த எனக்கு அது வருடக்கணக்கு.

அந்த வெட்கம் எங்கயிருந்து வருது? ஏலாதவைதான் ஆர்ட்ஸ் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்ததில் இருந்து. நான் கலைப்பீடத்துக்கு வந்து முதலாம் வருடம் மெய்யியல் வகுப்பில் ஒரு பந்தியை விளங்கிக்கொள்ள ஒரு கிழமை எடுத்தேன். அப்பதான் முதல்முதலாக கை தூக்கி "விளங்கேல்லை மிஸ்" என்றேன். மிஸ் திரும்பச் சொல்லித் தந்தா. அவ்வளவுதான், வானம் இடிஞ்சு விழவில்லை. ஆர்ட்ஸும் தயாராகிப் போகவேண்டிய இடம்தான். அதைக் குப்பைத்தொட்டி போல் வைச்சிருக்கும்வரை, விஞ்ஞானத்தில் இருந்து மாறவேண்டிய பிள்ளை மாறாது, ஆர்ட்ஸில் உண்மையான விருப்பமுள்ள பிள்ளையும் அதை வாய்விட்டுச் சொல்லாது.

எங்கட வயசுக்காரருக்கு ஒன்று. உங்களிடம் இந்தக் கேள்வி வந்தால், உங்கட சொந்த ரிசல்ட்ஸை வைத்துப் பதில் சொல்லாதேங்கோ. பாஸானவை "எல்லாருக்கும் ஏலும், முயற்சிதான் வேணும்" என்பினம். என்னைப்போலக் கவிண்டவை "வேண்டாம்" என்பினம். இரண்டு பேரும் தங்கட கதையைத்தான் சொல்லினம், முன்னால இருக்கிற பிள்ளையைப் பார்க்கவில்லை. ஒரு மூன்று நாள் கூட இருந்து பாருங்கோ. ஒரு கணக்கைக் குடுங்கோ. அடுத்தநாள் காலமை வரைக்கும் பொறுங்கோ. கடைசியில் முடிவெடுக்கிறது அதுவாக இருக்கட்டும். நீங்கள் கண்டதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கோ.

தங்கச்சி பயோதான் எடுத்தாள். சித்தி வீட்டுக் கலண்டரில் வட்டம் போட்டுக் கிடக்கு. அந்த நாள் இன்னும் வரவில்லை, வந்தால் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. போன கிழமை கோல் எடுத்தாள்.

"அக்கா, இண்டைக்கு பிசிக்ஸ் வகுப்பில ஒண்டும் விளங்கேல்லை. சேரிட்ட எழும்பிச் சொன்னனான்."

"சேர் என்ன சொன்னவர்?"

"பேசினவர். நாளைக்குத் திரும்பக் கேப்பன்."